ஞாயிற்றின் மேல் நிற்கும் நாட்கள்

அயனாவரம் சிக்னல் தாண்டி மாடியில் ஸ்கேன் சென்டர்.
இரவு பதினொன்றரைக்கு சர்வர் சொல்கிறது,
இடமில்லை, தொண்ணூற்றெட்டு சதவீதம்.

"பழசையெல்லாம் தூக்கிடுங்க மேடம்"
என்கிறார் போனில் மேனேஜர் கஸ்தூரிரங்கன்.
பின்னால் கிரிக்கெட் சத்தம்.
புது டிஸ்க் கேட்டு மூன்று மாதமாகிறது.
ரிச்சி தெருவில் வாங்கிவந்த விலைப்பட்டியல்
அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
பிள்ளையாருக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

பழசு எது?

மார்ச் இரண்டு, ஞாயிறு. எண்ணூற்றுப் பத்து ஜிபி.
அதற்குக் கீழே
திங்கள் நாலு, செவ்வாய் ஆறு, புதன் மூன்றரை.
அவசரத்தில் யாருக்கும்
பெருத்ததன் மேல்தான் கை போகும்.

ஆனால் எல்லாவற்றையும் சொன்னது ஞாயிறு ஒன்றுதான்.
திங்கள் சொன்னதெல்லாம்
நேற்றுக்கு மேல் மாறியது இவ்வளவு, அவ்வளவே.
செவ்வாய் திங்களை நம்பிப் பேசியது,
புதன் செவ்வாயை.

ஞாயிற்றை எடுத்தால் மற்றவை உடனே சாவதில்லை.
அதுதான் கொடுமை.
பச்சை டிக்கோடு, தேதியோடு, எடையோடு
அப்படியே இருக்கும்.
திற என்று கேட்கும் நாளில்தான்
சிவப்பில் ஒரு வரி வரும்,
முந்தைய பகுதி காணவில்லை.

ஜெபதுரை இப்படித்தான் ஒரு டிசம்பரில்
கிறிஸ்துமஸுக்கு நாசரேத் போக
எழும்பூரில் ரயில் பிடிக்கும் அவசரத்தில்
முப்பது நாளுக்கு மேற்பட்டதையெல்லாம்
மவுஸால் வளைத்து
ஷிஃப்ட் டிலீட் அடித்துவிட்டுப் போனான்.
ஜனவரியில் டிஸ்க் படுத்தது.
கையில் இருபத்தாறு பிரதி.
ஒன்றுகூட எழவில்லை.

ஓட்டேரியிலிருந்து ஒருவர் வந்தார்,
மஞ்சள் பையில் மனைவியின் புது ஸ்கேன்.
"வளர்ந்திருக்கா, அப்படியே இருக்கானு பாக்கணுமாம்,
பழசு வேணும்கிறார் டாக்டர்."
"சிஸ்டத்துல இருக்கு சார், திறக்கலை" என்றேன்.
அவர் சண்டை போடவில்லை.
"இருக்குன்னா காட்டுங்கம்மா" என்றார்,
கடைக்காரரிடம் கேட்பதுபோல.

அதனால் இன்றிரவு அவசரமில்லை.
தனியாய் ஒரு கம்ப்யூட்டரை எடுத்து
மே மாதத்து ஞாயிற்றை அதில் எழுப்புகிறேன்.
அதன் மேல் அடுத்தடுத்த நாட்களை,
நேற்று வரைக்கும்.
நடுவில் கரண்ட் போகிறது.
யூபிஎஸ் கூவிக்கொண்டே தாங்குகிறது,
கொசு மட்டும் என்னைத் தாங்கவில்லை.

பெயர் பார்க்காமல் ஒரு கோப்பைத் திறக்கிறேன்.
யாரோ ஒருவர் கை.
சுண்டுவிரலில் மெல்லிய பிளவு,
ஒவ்வொரு எலும்பும் எண்ணிக்கொள்ளும் தெளிவு.
நல்லது, எழுகிறது.

பிறகு இரண்டு பட்டியலை எதிரெதிரே வைத்து
மார்ச்சில் இருந்து மேயில் இல்லாதவை எவை என்று பார்க்கிறேன்.
பதினொரு கோப்பு.
யார் எப்போது அழித்தார்களோ.
பென் டிரைவில் அவற்றை ஒதுக்கி
ஒரு சீட்டில் காரணம் எழுதி ஒட்டுகிறேன்.

இப்போது மார்ச்சைப் போகச் சொல்லலாம்.
கையால் அல்ல, மென்பொருளின் வழியே.
கடைசி நாளிலிருந்து பின்னோக்கி
எல்லாம் போனபின்
கடைசியாய் ஞாயிறு.
யாரும் தன்மேல் நிற்காத பிறகு அது போகிறது.

இரண்டே முக்கால். அறுபத்தாறு சதவீதம்.
கீழே ஆவின் வண்டி டப்பாக்களை இறக்குகிறது.
"ஆச்சா?" என்று காலையில் கேட்பார் மேனேஜர்.
"ஆச்சு" என்பேன்.

என் டிராயரில் ஒரு டிஸ்க் உண்டு.
அந்த இருபத்தாறும் அதில்தான்.
திறக்காது, தெரியும்.
மற்றவர்களுக்கு இத்தனை விதி சொல்பவள்
அதை மட்டும் அழிக்கவில்லை.
இப்படி வேலை முடிந்த இரவுகளில்
ஒயரை மாட்டி ஒருமுறை கேட்டுப்பார்ப்பேன்.

சிவப்பு வரி வருகிறது.
படித்துவிட்டு
முறையாக எஜெக்ட் செய்து
திரும்ப வைக்கிறேன்.